வந்து போகிறவர்களின் கணக்கு

ஓர் இணையதளத்தை வாடகை சர்வரில் ஏற்றிவைத்த நிமிஷத்திலிருந்து, அதன் சொந்தக்காரர் கேட்டாலும் கேளாவிட்டாலும், அங்கே ஒரு வருகைப் பதிவு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்னும் விஷயத்தைத் தளம் நடத்துகிறவர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், சர்வரில் உள்ள ஒரு கோப்பின் அடியில் ஒரு வரி சேர்ந்துவிடுகிறது: கேட்டவருடைய ஐ.பி. முகவரி, கேட்ட தேதியும் நேரமும், கேட்ட பக்கம், அது கிடைத்ததா இல்லையா என்று சொல்லும் மூன்று இலக்க எண், அனுப்பிய பைட்டுகளின் அளவு, எந்த இடத்திலிருந்த இணைப்பைத் தொட்டு வந்தார், என்ன பிரௌசர் வைத்திருக்கிறார் என்னும் விவரங்கள் அவ்வளவும் அந்த ஒரே வரியில் அடங்கும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. நிலையத்தார் 1990களின் முற்பகுதியில் தங்கள் சர்வர் மென்பொருளுக்கு வகுத்த பதிவு முறைதான், சிற்சில சேர்க்கைகளோடு, இன்றும் வழங்குகிறது.

நானும் சில நண்பர்களும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகளைப் பற்றி ஒரு சிறு தளம் நடத்தி வருகிறோம். ஏரி மாவட்டம் என்றே பெயர் வாங்கிய பிரதேசம் அது. மதுராந்தகம் ஏரியைப் போன்ற பிரசித்தமானவற்றை எல்லோரும் அறிவர். ஆனால் ஊருக்கு ஒன்றும் இரண்டுமாகக் கிடக்கிற சிற்றேரிகளின் மதகு எங்கே, கலிங்கு எங்கே, வரத்துக்கால் எந்த வழியே வருகிறது, எந்தப் பக்கம் தூர்ந்து கிடக்கிறது, பழைய நீர்க்கட்டிகள் எந்த முறையில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டார்கள் என்பவற்றை எழுதிவைத்தவர்கள் குறைவு. அவற்றைப் படங்களோடு திரட்டிப் போடத் தொடங்கியபின், இவற்றை யாராவது படிக்கிறார்களா, படிக்கிறவர்களுக்கு எது வேண்டியிருக்கிறது என்கிற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. எழுதுகிறவனுக்கு உள்ள மிகப் பழைய ஆவல் அது. பத்திரிகை நடத்தியவர்களுக்குச் சந்தாக் கணக்கும் வாசகர் கடிதமும் இருந்தன. இணையத்தில் படிக்கிறவரோ வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறார். ஆகவே அந்த ஆவலைக் குறைகூறுவது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அதற்கு எல்லை எது என்பதைக் கணக்கெடுக்கும் உபகரணத்தைப் பொருத்துவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது அவசியம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அந்த எல்லையை உபகரணம் செய்தவரே வகுத்துக் கொடுத்துவிடுகிறார்.

எந்த மென்பொருளின் உதவியும் இன்றி, லாக் என்று வழங்கும் அந்த வருகைப் பதிவுக் கோப்பை அப்படியே திறந்து படிப்பது, சிரமமானாலும், தளம் நடத்துகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்ய வேண்டிய காரியம். தமிழில் பெயரிட்ட பக்கங்களின் முகவரிகள் அங்கே தமிழாகத் தென்படுவதில்லை. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியாகவும் அதைத் தொடரும் இரண்டு ஆங்கில எழுத்துகளாகவோ எண்களாகவோ எழுதப்படுகிறது. ஆகவே 'மதகு' என்னும் சின்னஞ்சிறு சொல் லாக்கில் 36 குறிகள் கொண்ட நெடுந்தொடராகக் கிடக்கிறது. அதை மறுபடி தமிழாக்கிப் பார்க்கும் வழியை அறிந்துகொண்ட பிறகு வேறொன்று புலனாகும்: ஒரு பக்கத்தில் பத்துப் புகைப்படங்கள் இருந்தால், பக்கத்துக்கு ஒன்றும் படங்களுக்குப் பத்துமாகப் பதினொரு வரிகள் விழுகின்றன, எழுத்துருவும் அலங்காரக் கோப்புகளும் தனி. ஹிட் என்று இணையத்தின் தொடக்க நாளில் பெருமையாகச் சொல்லப்பட்ட கணக்கு இந்த வரிகளின் எண்ணிக்கையே தவிர ஆட்களின் எண்ணிக்கை அன்று. படங்களை அதிகமாகப் போட்டவருக்கு ஹிட்டும் அதிகமாயிற்று.

வருகிறவர்களில் கணிசமானோர் மனிதரும் அல்லர். தேடுபொறிகளின் ரோபோக்கள் இரவு பகலாகப் பக்கங்களைப் படித்துக்கொண்டு போகின்றன. அவற்றால் நமக்கு அனுகூலம் உண்டு, ஏனெனில் அவை வந்தால்தான் நம் பக்கம் தேடலில் அகப்படும். துர்நோக்கத்தோடு அலைகிற இயந்திரங்களும் உண்டு. எங்கள் தளத்தில், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் என்பதே கிடையாது. இருந்தும் வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டு, இல்லை என்பதற்குரிய 404 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு, மறுபடியும் வந்து கேட்கிற விண்ணப்பங்கள் லாக்கில் வரிவரியாகக் காணப்படுகின்றன. இவையெல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. அது நிஜமான சொற்பம்.

லாக்கைப் படித்துத் தொகுத்துக் கொடுக்கும் மென்பொருள்கள் 1990களின் நடுவிலேயே தோன்றிவிட்டன. கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டீபன் டர்னர் என்பவர் 1995இல் அனலாக் என்ற ஒன்றை ஆக்கி இலவசமாக வெளியிட்டார். 1997இல் வெப்அலைசர் வந்தது. 2000இல் வந்த ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் இன்றைக்கும் பல ஹோஸ்டிங் கம்பெனிகளின் சி-பேனல் என்னும் நிர்வாகப் பக்கத்தில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பாராதவர்களே அதிகம். இவற்றை ஆக்கியவர்களுள் டர்னரிடம் எனக்குத் தனியான மதிப்பு உண்டு. தாம் செய்த கருவியின் பெருமையை விரிக்க வேண்டிய விளக்கவுரையிலேயே, லாக்கிலிருந்து எவற்றையெல்லாம் அறிய இயலாது என்பதை அவர் ஒளிவின்றி எழுதிவைத்தார். வந்தவர் இன்னார் என்று அறிய இயலாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல இயலாது. ஒருமுறை படித்த பக்கத்தை பிரௌசரே சேமித்துவைத்துக்கொண்டு மறுமுறை காட்டினால், அந்த வாசிப்பு சர்வரின் காதுக்கே எட்டாது. கணக்கெடுக்கும் கருவியைச் செய்தவரே கணக்கின் குறைபாட்டைச் சொன்ன அந்த நேர்மை, பின்னால் வந்த பெருவணிகத்தில் காணாமற்போயிற்று.

வெப் என்பதன் அடிப்படை முறையில் ஞாபகம் என்பதே இல்லை. ஒரு பக்கத்தைக் கொடுத்து முடித்தவுடன் சர்வர் அந்த ஆளை மறந்துவிடுகிறது. அவரே அடுத்த நொடியில் இன்னொரு பக்கம் கேட்டாலும் அது புதியவரின் கேள்வியே. இந்த மறதியைப் போக்குவதற்காக நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுல்லி 1994இல் ஓர் உபாயம் கண்டார். வந்தவருடைய பிரௌசரிலேயே ஒரு சிறு அடையாளக் குறிப்பைச் சேமிக்கச் சொல்லி, மறுபடி வரும்போது அதைத் திருப்பிக் காட்டச் செய்யும் அந்த உபாயம்தான் குக்கீ. இணையக் கடைகளில் வாங்குவதற்குப் பொறுக்கிய சாமான்களை நினைவில் வைத்துக்கொள்வதற்காக அது சிந்திக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அதன் முதற்பயன், நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் ஏற்கெனவே வந்தவர்தானா என்று சோதிப்பதாகவே இருந்தது. கடைக்கு முந்தியே கணக்கு வந்துவிட்டது.

இந்தக் குக்கீயோடு, பக்கத்திலேயே பதித்துவைக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கும் சேர்ந்தபோது, கணக்கெழுதும் வேலை சர்வரிலிருந்து வாசகரின் கைக்கருவிக்கு மாறிற்று. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில் அர்ச்சின் என்ற ஸ்தாபனம் இத்தகைய மென்பொருளை விற்று வந்தது. 2005இல் கூகுள் அதை விலைக்கு வாங்கி, அவ்வாண்டு நவம்பரிலேயே கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. வந்து குவிந்தவர்களின் கூட்டத்தைத் தாங்காமல் புதியவர்களைச் சேர்ப்பதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. இன்றும் விளம்பர இணைப்புகளின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற 'யு.டி.எம்.' என்ற மூன்று எழுத்துகளில் முதலெழுத்து அந்தப் பழைய அர்ச்சினுடையதே.

அதை அமைத்துக்கொள்வது சுலபம். கணக்கு ஒன்றைத் திறந்து, தளத்தின் முகவரியைக் கொடுத்தால், 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாள எண் கிடைக்கும். பிளாகரிலோ விக்ஸிலோ தளம் வைத்திருப்பவர் அமைப்புப் பகுதியில் உள்ள கட்டத்தில் அந்த எண்ணை ஒட்டினால் போதும். சொந்தமாக ஹோஸ்டிங் வைத்திருப்பவர் சில வரிகளை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் சேர்க்க வேண்டும். கடந்த 30 நிமிஷங்களில் தளத்தில் இருந்தவர்களைக் காட்டும் திரை உடனே உயிர் பெறுகிறது. அத்திரைக்கு முன் உட்கார்ந்தவர்கள் எளிதில் எழுந்திருப்பதில்லை என்பதை நண்பர்கள் சிலரிடம் கண்டிருக்கிறேன். எழுத வேண்டிய நேரம் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பதில் கழிகிறது. பிறகு, எண்ணிக்கை ஏறும் விஷயங்களையே எழுதத் தோன்றுகிறது. கடைசியில், எதற்காகத் தளம் தொடங்கினோம் என்பதே மாறிவிடுகிறது.

அந்த எண்ணிக்கைதான் எதைச் சொல்கிறது? இதைச் சற்று நின்று ஆராய வேண்டும். 2023 ஜூலை 1 வரை புழக்கத்தில் இருந்த கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய அமைப்பில், ஒருவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பதை, அவர் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து முந்திய பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழித்துத்தான் கணித்தார்கள். அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே, ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பின் அமைப்பை விளக்கும் நெடிய கட்டுரையைத் தேடிக்கொண்டு வந்து, அரைமணி நேரம் ஊன்றிப் படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு, தேடியது கிடைத்த திருப்தியோடு தளத்தை மூடிவிட்ட ஒரு வாசகர், பூஜ்யம் விநாடி தங்கியவராகவும், உள்ளே வராமலே திரும்பிவிட்டவராகவும் பதிவானார். எந்த வாசகருக்காக எழுதுகிறவன் தவம் கிடப்பானோ, அந்த வாசகர் கணக்கேட்டின் கடைசி வரிசையில் வைக்கப்பட்டார். ஒன்றிலும் மனம் ஊன்றாமல் ஐந்தாறு பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனவர் முதல் வரிசையில் இருந்தார். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு எத்தனை பத்திரிகைத் தளங்கள் ஒரு கட்டுரையைப் பல பக்கங்களாகத் துண்டாடின என்பதை வாசகர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இப்போதைய அமைப்பு, பக்கம் கண்ணுக்கு முன்னால் இருந்த நேரத்தை அளக்க முயல்கிறது. பத்து விநாடி தங்கினாலோ இரண்டு பக்கம் பார்த்தாலோ ஈடுபாட்டோடு வந்தவர் என்று கொள்கிறது. முந்தியதைவிட இது மேல். ஆனால் பத்து விநாடியில் என்ன ஈடுபாடு விளையும்? பழைய அமைப்பில் சேர்ந்திருந்த பல வருஷக் கணக்குகளைப் பார்க்கும் வழியும் 2024 ஜூலையோடு அடைபட்டது. தனியே பிரதி எடுத்துவைக்காதவர்களுக்கு அவை இல்லாமலே போயின. நம்முடைய பதிவேட்டைப் பிறர் வீட்டில் வைத்திருப்பதன் பலன் இது.

ஆட்களை எண்ணுவதிலும் இதே தடுமாற்றம்தான். குடும்பத்தில் நால்வர் ஒரு கைப்பேசியில் படித்தால் ஒருவர். ஒருவரே கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் படித்தால் இருவர். ஆப்பிளின் சஃபாரி பிரௌசர், இத்தகைய ஸ்கிரிப்டுகள் வைக்கும் குக்கீயை 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. எனவே பத்து நாளைக்கு ஒருமுறை தவறாது வருகிற பழைய வாசகர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே எண்ணப்படுகிறார். தடுப்பு மென்பொருள் வைத்திருப்பவர் எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை. நம் நாட்டுக் கைப்பேசி வலைப்பின்னல்களில் ஒரே ஐ.பி. முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதும், கிராமத்தில் இருப்பவரைச் சென்னையில் இருப்பவராகக் கருவி காட்டுவதும் சகஜம். உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றிப் படிக்கிறாரா என்பதே எங்களுக்கு வேண்டியிருந்த செய்தி. இந்தக் கருவிகளால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாத செய்தியும் அதுவே.

இவையெல்லாம் கணக்கின் துல்லியத்தைப் பற்றிய குறைகள். அவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கு துல்லியமாகவே இருந்தால் என்ன ஆகும்? எங்கள் தளத்தில் ஏரிப்புறம்போக்கு ஆக்கிரமிப்புகளைப் பற்றிய பக்கங்கள் உண்டு. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் எவ்வாறு மனுக் கொடுப்பது என்பவற்றை அங்கே விளக்கியிருக்கிறோம். ஏரிக்குள் மனை போட்டவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பது அபூர்வம் அன்று. அந்த ஊரிலிருந்து அந்தப் பக்கத்தை இன்ன நாள் இரவு இன்னார் படித்தார் என்று அறியக்கூடிய ஒரு பதிவு எங்கேயாவது இருக்குமானால், அது எங்கள் கையில் இருந்தாலும் பிறர் கையில் இருந்தாலும், படித்தவருக்கு அபாயமே. நோயைப் பற்றி எழுதுகிற தளத்துக்கும், கடனைப் பற்றியோ மணமுறிவைப் பற்றியோ சட்ட ஆலோசனை சொல்கிற தளத்துக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய மனம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும். அந்த அந்தரங்கத்துக்குள் நுழைவதற்கு, எழுதியவன் என்ற காரணத்தால் எனக்கு உரிமை பிறந்துவிடாது.

சட்டமும் மெல்ல மெல்ல இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஜெர்மனி அரசாங்கத்தின் தளங்கள் பார்வையாளரின் ஐ.பி. முகவரியைச் சேமித்துவைத்ததை எதிர்த்து பாட்ரிக் ப்ரேயர் என்பவர் தொடுத்த வழக்கில், மாறிக்கொண்டே இருக்கும் முகவரியும் ஆளை அறிய வழியிருக்கும்போது அவருடைய சொந்தத் தகவலே ஆகும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தகவல் பாதுகாப்பு அதிகாரிகளும், அடுத்த மாதம் பிரான்ஸின் அதிகாரிகளும், தங்கள் முன் வந்த வழக்குகளில், கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாக வாசகரின் விவரங்கள் அமெரிக்காவுக்குப் போனது சட்ட விரோதம் என்று முடிவு கூறினார்கள். நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிற்று. சட்டம் இருப்பதற்காக மட்டும் ஒழுங்காக நடப்பது என்பது எனக்கு உவப்பானதன்று; ஆயினும், கண்ணியம் என்று நாம் கருதியதே சட்டமாகவும் ஆனதில் மகிழ்ச்சி உண்டு.

ஏரியின் மதகோரத்தில் நட்டிருக்கும் அளவுகல், எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைச் சொல்லும். யார் வயலுக்குப் பாய்ந்தது என்பதை அது அறியாது. எங்களுக்கு வேண்டிய கணக்கும் அவ்வளவே என்று நண்பர்கள் கூடித் தீர்மானித்தோம். எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது, எங்கிருந்த இணைப்பின் வழியே வந்தார்கள், கைப்பேசியா கம்ப்யூட்டரா, எந்த முகவரி கேட்கப்பட்டுக் கிடைக்காமற்போயிற்று, எங்கள் தளத்தின் தேடல் கட்டத்தில் என்ன சொல் எழுதப்பட்டது என்ற ஐந்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதற்காக மட்டோமோ என்ற மென்பொருளை எங்கள் ஹோஸ்டிங்கிலேயே நிறுவினோம். 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி, 2018இல் பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள் அது. பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கிற சாதாரண ஹோஸ்டிங்கே போதும். சி-பேனலில் ஒரு தரவுத்தளத்தை உண்டாக்கி, மென்பொருளை ஏற்றி, அதன் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு போனால் ஒரு ஸ்கிரிப்ட் துணுக்குக் கிடைக்கிறது; அதை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதிக் கோப்பில் ஒரே இடத்தில் ஒட்டினோம்.

பிரயாசை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஐ.பி. முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளை எழுதுமுன்பே அழித்துவிடும்படி அமைத்தோம். குக்கீயை அடியோடு நிறுத்தினோம். அதனால் நேற்று வந்தவரே இன்றும் வந்தார் என்று கருவிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. வருகை விவரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழித்துவிட்டு, கூட்டிய தொகைகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படியும் செய்தோம். எங்கள் சொந்த வருகைகளைக் கணக்கிலிருந்து விலக்கினோம். சிறு தளத்தில் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதே பாதிக் கணக்கை நிரப்பிவிடக்கூடும். இவை முடிந்ததும், சர்வர் எழுதுகிற மூல லாக்கின் நினைவு வந்தது. கருவியில் முகவரியை அழித்துவிட்டு, லாக்கில் முழு முகவரியை மாதக்கணக்காக விட்டுவைத்தால் செய்ததற்கு அர்த்தமில்லை. சி-பேனலில் அதன் காலத்தையும் சுருக்கினோம்.

இவ்வளவு சுருங்கிய கணக்கால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த பயன் சிறியதன்று. கிடைக்காத பக்கங்களின் பட்டியலே எல்லாவற்றிலும் உத்தமமான உபகாரம் செய்தது. நாங்கள் முகவரிகளை மாற்றியமைத்தபோது, வேறு தளங்களில் இருந்த பழைய இணைப்புகள் வழியே வந்தவர்கள் 404ஐக் கண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. அத்தனை பழைய முகவரிகளையும் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட்டோம். பெரும்பாலோர் கைப்பேசியில் வருகிறார்கள் என்று கண்டபின், பெரிய நில அளவைப் படங்களைத் துண்டுகளாக்கி, சிறு திரையில் எழுத்துத் தெரியும்படி செய்தோம். எங்கள் தளத்தின் தேடல் கட்டத்தில் எழுதப்பட்ட சொற்களைப் பார்த்தபோது, 'மடை', 'தூம்பு' என்று தேடியவர்களுக்கு நாங்கள் 'மதகு' என்று எழுதியிருந்த பக்கங்கள் அகப்படவில்லை என்று விளங்கிற்று. அந்தந்த வட்டாரச் சொற்களையும் பக்கங்களில் சேர்த்தோம். இவற்றில் ஒன்றுக்காவது, வந்தவர் யார் என்பது தெரிய வேண்டியிருக்கவில்லை.

தமிழில் தளம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் யாரோ கொடுத்த துணுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கக்கூடும். அது எதைத் திரட்டுகிறது, எங்கே அனுப்புகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். தேவையற்றதை நிறுத்துங்கள். மிஞ்சியதை, வக்கீல் பாஷையில் ஆங்கிலத்தில் அன்று, உங்கள் வாசகர் படிக்கிற தமிழில், ஒரு பத்தியாக எழுதி, எல்லாப் பக்கங்களின் அடியிலும் இணைப்புக் கொடுத்துவையுங்கள்.